வாயில்லாத நோயாளி

மனிதனுக்கு நோய் வந்தால் அவன் வைத்தியரிடம் போய்ப் பொய் சொல்லலாம். புகையிலையைத் தொடுவதே இல்லை என்றும், கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கியதாகவும் கூசாமல் சொல்லலாம். நாய்க்கு அந்த வசதி கிடையாது. அதற்காகப் பொய் சொல்ல ஓர் எஜமானன் இருக்கிறான். எங்கள் வீட்டில் அந்த எஜமானன் நான்தான்.

நாங்கள் ஓசூருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. என் மனைவிக்கு இங்கே ஒரு தொழிற்சாலையின் கணக்கு இலாகாவில் உத்தியோகம். காலை ஏழரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவளை அழைத்துக்கொண்டு போகும். பெண் பள்ளிக்கூடம் போய்விடுவாள். கதை எழுதுகிறவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? நான் வீட்டிலேயே இருப்பேன். ஆகவே, பெண் ஒரு மழை நாளில் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்த வெள்ளை நாய்க்குட்டியும் என் தலையில் விழுந்தது. இந்த ஊரின் குளிர்ச்சியைக் கண்டு மயங்கிய வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னார்களாம். அதைக் கேட்டிருந்த என் பெண், குட்டிக்குத் 'துரை' என்று பெயர் வைத்தாள். எங்கள் தெருவில் துரை என்று ஒரு மேஸ்திரியும் இருக்கிறார். "துரை! செருப்பைக் கடிக்காதே!" என்று நான் வாசலில் நின்று கூவும்போதெல்லாம் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்.

துரைக்கு நாலு வயதாகும்போது ஒரு நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகியை ரயில் நிலையத்தில் நிற்க வைத்துவிட்டு, வண்டியில் ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த சமயம். 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது' என்று துரையைத் தாண்டிப் போனேன். மறுநாளும் அது சாப்பிடவில்லை. "என்ன, ஒரு மாதிரி இருக்கிறதே?" என்று மனைவி கேட்டாள். "நேற்றைக்கு இன்றைக்குப் பரவாயில்லை" என்றேன். அந்த வார்த்தைக்கு யாதொரு ஆதாரமும் கிடையாது. இப்படியே நாலு நாள் போயிற்று. கதாநாயகி ரயில் ஏறினாள், துரை எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் வைத்தியசாலைக்கு ஓடினேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவரில் பொமரேனியன்களும் லாப்ரடார்களும் சிரிக்கும் படங்கள். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். முறை வந்ததும் டாக்டர், "எத்தனை நாளாக?" என்று கேட்டார். "நேற்றிலிருந்துதான்" என்றேன். நாலு நாள் கவனிக்காமல் விட்டேன் என்று இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அவர் நாயைத் தொடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே உதவியாளனைப் பார்த்து ஏதோ சொன்னார். உதவியாளன் மூன்று ஊசி போட்டான். என்ன ஊசி என்று நான் கேட்கவில்லை. அவர்களும் எழுதித் தரவில்லை. கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் தொகை மட்டும்தான் இருந்தது.

அன்று ராத்திரி துரை எழுந்து ஒரு கிண்ணம் சோறு தின்றது! அந்த டாக்டரைத் தன்வந்திரியின் அவதாரம் என்று தெரு முழுவதும் சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பேட்டையில் நாய் வளர்க்கிறவர்கள் சாயங்காலம் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். பீகார், கேரளம், ஆந்திரம் என்று பல இடங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள். இவர்களுக்குள் பாஷை வேறு, சாப்பாடு வேறு. ஆனால் மிருக வைத்தியர்களைப் பற்றிய புலம்பல் மட்டும் ஒன்றே. ஒருவருடைய லாப்ரடார் பெங்களூருக்குப் போய் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டுப் பிழைத்து வந்தது. இன்னொருவருடைய பூனை, அத்திப்பள்ளி தாண்டி மின்னணு நகரத்து வாகன நெரிசலில் நிற்கும்போதே மடியில் செத்துப்போயிற்று. நாற்பது கிலோமீட்டர்தான் என்று சொல்கிறோம். நோயாளியோடு போகும்போதுதான் கிலோமீட்டருக்கு எத்தனை நீளம் என்று தெரிகிறது. நான் உதவி கேட்டதும், அந்தக் கூட்டத்தில் வயது முதிர்ந்த ஒரு ஃபோர்மன், "பெங்களூருக்கு அப்புறம் போகலாம் சார். முதலில் மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்.

எனக்கு அது மரியாதைக் குறைவாகப்பட்டது. இருந்தாலும் ஆட்டோ பிடித்துப் போனேன்.

அரசாங்கக் கால்நடை மருந்தகம் என்றால் வாசகர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு வேப்பமரம், மாட்டைக் கட்டி நிறுத்த இரும்புக் குழாய்ச் சட்டம், சாணி வாசனை, ஆடுகளோடு இரண்டு சிறுவர்கள். வரிசையில் எனக்கு முன்னால், பாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் கலப்பின மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடியுமுன் புறப்பட்டு நடத்திக்கொண்டே வந்தாளாம். டாக்டர் அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

"முந்தாநாள் சாயந்தரம் கறக்கறப்போ இடது பின்காம்புல பால் திரிதிரியா வந்துச்சு சார். ராத்திரி தொட்டா சுட்டுச்சு. நேத்துக் காலையில அந்தக் காம்புல அரைப்படிகூட இல்லை. தீனி பாதிதான் எடுத்துச்சு. அசை போட்டுச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு எழுந்து பார்த்தேன், அசை போடலை."

இத்தனைக்கும் அவள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. வார்த்தைகளால் பிழைக்கிற எனக்கு, என் வீட்டுப் பிராணியைப் பற்றி இப்படி நாலு வாக்கியம் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியாது.

அதற்குள் அவள் துரையின் மூக்கைப் பார்த்துவிட்டாள். "அய்யோ, ரத்தம் வருதே! நீங்க முன்னாடி போங்க சாமி. இதுவும் வாயில்லா ஜீவன்தானே" என்று மாட்டை ஓரமாக இழுத்துக் கட்டினாள். நான் ஒரு பேச்சுக்காகக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் போய்விட்டேன்.

அந்த இளம் டாக்டர் துரையின் உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். வெப்பமானியை வைத்து நூற்று நாலு டிகிரி என்றார். நாய்க்கு நூற்றொன்று, நூற்றிரண்டு வரை இயல்பாம். வயிற்றை அழுத்தினார். காதுக்குப் பின்னால் மயிரை விலக்கி, மொச்சைக்கொட்டை போல் உப்பியிருந்த ஓர் உண்ணியை எடுத்து என் முன்னால் வைத்தார். காது நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"உண்ணிக் காய்ச்சல் என்று நினைக்கிறேன். கிருமி கண்ணில் படவில்லை. அதனால் இல்லை என்று அர்த்தமில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கின்றன. அணுக்களை எண்ணும் யந்திரம் என்னிடம் இல்லை. பெங்களூர் ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, வேண்டுமானால் போகலாம். ஆனால் மருந்தை இப்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?"

"மூன்று நாளாக" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சார், மூன்று நாளில் ஈறு இவ்வளவு வெளுக்காது."

வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழும் என்று எனக்குத் தெரியும். "இன்றோடு எட்டாவது நாள்" என்றேன். ஊசி போட்ட கதையையும் சொன்னேன். "என்ன ஊசி?" என்றார். தெரியாது என்றேன். அவர் அந்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. "சில ஊசிகள் இரண்டு நாளைக்கு நாயைத் தெம்பாக நடக்க வைக்கும், உள்ளே நோய் நடந்துகொண்டே இருக்கும். பெயர் தெரிந்தால் எனக்கு உபயோகமாக இருக்கும். அடுத்த தடவை எழுதி வாங்குங்கள்" என்றார், அவ்வளவுதான்.

குளுகோஸ் ஏற்றி, மருந்து கொடுத்து, சீட்டு எழுதி முடிக்க முக்கால் மணிக்கு மேலாயிற்று. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, இருபத்தெட்டு நாள்; குணமான மாதிரி தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது. வீட்டுச் சுவர் வெடிப்புகளையெல்லாம் பூசி அடைக்கவேண்டும். உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை, கீழே இறங்கி வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் இடுகிறது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்களில் நூற்றுக்கணக்கானவை இந்த நோயால் ரத்தம் கக்கி மாண்டன என்று பிற்பாடு படித்தேன். துப்பாக்கிக்குப் பயப்படாத நாய்களை ஓர் உண்ணி கொன்றிருக்கிறது.

துரை பிழைத்துக்கொண்டது. வலது கண்ணில் மட்டும் பார்வை மங்கிவிட்டது. சோற்றுக் கிண்ணத்தை அந்தப் பக்கம் வைத்தால் தேடும்.

அது தேறிய பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஆபத்து நீங்கிய பிறகு வருகிற கோபம் ரொம்பச் சௌகரியமானது. கண்ணாடிக் கதவு வைத்தியசாலையைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதுவதென்று உட்கார்ந்தேன். முதல் பக்கம் பிரமாதமாக வந்தது. இரண்டாம் பக்கத்தில், 'எத்தனை நாளாக என்று கேட்டார்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நாயைத் தொடாமல் ஊசி போட்டது அவர் குற்றம், எழுதித் தராததும் அவர் குற்றம், சந்தேகமில்லை. ஆனால் நோயாளியின் வாயாக இருந்து பேச வேண்டியவன் நான். அந்த வாய் பொய் சொல்லியிருக்கிறது. கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றும் யோசித்தேன். மாட்டாஸ்பத்திரி என்று நான் ஏன் முகம் சுளித்தேன்? மிருக வைத்தியம் என்ற சாஸ்திரம் பிறந்ததே மாட்டாலும் குதிரையாலும்தான். உலகத்தின் முதல் கால்நடைக் கல்லூரி 1761ல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் ஏற்பட்டபோது, ஐரோப்பாவில் மாடுகள் கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. அந்த நோயைப் பூமியிலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011ல் அறிவித்தார்கள். மனிதர்களுக்குப் பெரியம்மைக்கு நேர்ந்த கதி, மாட்டின் கொள்ளைநோய்க்கும் நேர்ந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து மத்திகிரியில் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிற கால்நடைப் பண்ணை, 1824ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியது. சென்னைக் கால்நடைக் கல்லூரி 1903ல் வந்தது. குதிரை வந்தது, மாடு வந்தது. நாயும் பூனையும் கடைசியில் வந்து வரிசையில் நின்றவை. வரிசையில் கடைசியாக வந்த நான்தான் அன்றைக்கு முன்னால் போனேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, துரைக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட மறுபடி அங்கே போயிருந்தேன். அந்த அம்மாள் ஒரு கன்றுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, துரையைத் தெரிந்தது.

"பொழைச்சுக்கிச்சா! நல்லா இருக்கட்டும்" என்று அதன் தலையைத் தடவினாள்.

"உங்கள் மாடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குது சாமி. அந்தக் காம்பு செத்துப்போச்சு. மூணு காம்புலதான் கறக்குது."

மடிநோய் இரண்டு நாள் முற்றியிருந்தது. என்னுடைய முக்கால் மணி நேரத்தால்தான் அந்தக் காம்பு போயிற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். டாக்டரைக் கேட்டால் அவரும் அப்படிச் சொல்லமாட்டார். நான் கேட்கவில்லை. நாள் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் பால் குறைந்தால், இந்த ஊர் விலைவாசியில் அவளுக்கு மாதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது, சொல்லி என்ன கொடுப்பது என்று யோசிப்பதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

என் மேஜையில் இப்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி போட்டு, துரை என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை தண்ணீர் குடித்தது, யார் என்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி வைக்கிறேன். என் பெண் அதைப் படித்துவிட்டு, "அப்பா, உன் கதைகளைவிட இது நன்றாயிருக்கிறது" என்கிறாள். இருக்கலாம். அதில் ஒரு பொய்கூட இல்லை.