வீடு வேனில், வேலை பிறர் வயலில்

வேனில் குடியிருக்கிறோம் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது கழிவறையைப் பற்றித்தான். அடுத்து பிள்ளைகளின் படிப்பு. மூன்றாவது தண்ணீர். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாகப் பேசலாம்.

நாங்கள் நால்வர். நான், கணவர், 13 வயது மகள், 8 வயது மகன். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு வந்தது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மாதமே வீட்டு ஒப்பந்தமும் முடிந்தது. அந்தப் பணத்தை வாடகையாகக் கரைப்பதற்குப் பதில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கி, ஒரு வருடம் பண்ணை பண்ணையாகப் போய்த் தங்குவது என்று முடிவெடுத்தோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். இங்கே வேனை நிறுத்திப் பொது இடத்தில் இரவு தங்க வேண்டுமானால், பெரும்பாலான ஊர்களில் அது 'செல்ஃப் கன்டெய்ண்டு' வண்டி என்று சான்றிதழ் இருக்க வேண்டும். 2023-ல் வந்த சட்டப்படி, வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய கழிவறை இல்லாமல் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. கழிவுத் தொட்டியை வழியில் அதற்கென்று இருக்கும் நிலையங்களில் காலி செய்ய வேண்டும். எங்கள் வேனில் அது கணவரின் வேலை. ஒரு வருடமாக முகம் சுளிக்காமல் செய்தார்.

படிப்பு விஷயம் சற்றுச் சிக்கலானது. நியூசிலாந்தில் 6 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பள்ளியில் இருந்தே ஆக வேண்டும். வீட்டிலேயே படிக்க வைப்பதென்றால் கல்வி அமைச்சகத்துக்கு எழுதி விலக்குச் சான்று வாங்க வேண்டும். பள்ளியில் நடப்பதுபோல ஒழுங்காகவும் நன்றாகவும் சொல்லித்தருவோம் என்று அவர்கள் நம்பும்படி, எதை, எப்படிச் சொல்லித்தரப் போகிறோம் என்று எழுதித் தந்தோம். பிள்ளைகள் தினமும் காலை இரண்டு மணி நேரம் வேனின் மடக்கு மேஜையில் படித்தார்கள்.

தண்ணீர்தான் எனக்கு உண்மையான பாடம். அந்தச் சான்றிதழுக்கான கணக்கு, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். மூன்று நாளைக்காவது இருப்பு வேண்டும். நாலு பேருக்கு 48 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் மூன்று குடத்துக்குக் கொஞ்சம் அதிகம்! எங்கள் தொட்டி அதைவிடப் பெரிதுதான். ஆனாலும், 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்குத்தான் அந்தச் சிக்கனம் புரியும். சோறு களைந்த தண்ணீரில் பாத்திரத்தை ஒருமுறை அலசி, பிறகுதான் நல்ல தண்ணீர். மழை நாளில் நாலு பேரும் உள்ளே இருந்தால் கோபித்துக்கொண்டு போக இன்னொரு அறை கிடையாது. சண்டையும் சிக்கனமாகிவிட்டது.

இனி பண்ணை. 'வூஃப்' என்று ஓர் அமைப்பு உலகம் முழுக்க இருக்கிறது. 1971-ல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண், நகரத்தில் இருப்பவர்களுக்கும் வாரக் கடைசியில் கிராமக் காற்று வேண்டும் என்று நினைத்து, சசெக்ஸில் ஒரு பண்ணையில் தொடங்கி வைத்தது. வயலில் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். பணம் கைமாறாது. ஆனால், நியூசிலாந்து விசா விதிகளில் இதுவும் வேலைதான். சுற்றுலா விசாவில் வந்து செய்ய முடியாது. எங்களுக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை இருந்ததால் சிக்கல் இல்லை.

குழந்தைகளோடு வருகிறோம் என்று சொன்னதும் பல பண்ணைகள் பதிலே போடவில்லை. யாராவது இப்படிக் கிளம்புவதாக இருந்தால் மூன்று விஷயங்களை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணி நேரம் வேலை, பிள்ளைகளின் சாப்பாடும் இதில் சேர்த்தியா, வேனை மேடான இடத்தில் நிறுத்த முடியுமா. இங்கே மழை பெய்தால் புல்தரை சேறாகிவிடும். டயர் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

முதல் பண்ணை கோரமண்டல் பகுதியில். எலுமிச்சை, கோழிகள், பெரிய காய்கறித் தோட்டம். வயதான தம்பதி. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை களை பறித்தோம், எருவைக் கிளறினோம், கோழிக் கூண்டைக் கழுவினோம். அங்கே முளைத்துக் கிடந்த சில்வர்பீட் கீரையை நான் பருப்போடு மசித்துத் தாளித்தேன். அந்த அம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவர் கணவர் எழுந்து எங்கள் தட்டுகளையும் சேர்த்துக் கழுவினார். நான் எழப்போனேன். "நீங்கள் காலையில் நிறைய செய்துவிட்டீர்கள்" என்று உட்கார வைத்துவிட்டார்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கூலியும் இல்லாம சோத்துக்கு வேலை பார்க்கவாடி உன்னை எம்.எஸ்ஸி. படிக்க வெச்சோம்?" என்றார். மாப்பிள்ளைக்கு வேலை போனதைக்கூடச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

சோற்றுக்கு வேலை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கம் தாத்தாவுக்கு நிலம் இருந்தது. கோடை விடுமுறைக்குப் போவேன். வயலில் வேலை செய்தவர்கள் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்தில், கூரையின் எரவாணத்தில் சில அலுமினியத் தட்டுகள் செருகியிருக்கும். மதியம் வந்து அதை எடுத்து, தரையில் உட்கார்ந்து, பாட்டி உயரத்தில் இருந்து போடும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அவர்களே கழுவி மறுபடி அங்கேயே செருகிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் உள்ளே அலமாரியில் இருந்தன. அவற்றை அவர்கள் தொட்டதும் இல்லை, தொடச் சொன்னதும் இல்லை.

அம்மா பயந்தது வேலையைப் பார்த்து அல்ல. வேலை செய்து சோறு வாங்குகிறவர்கள் எந்த இடத்தில் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியும். மகளை அந்த எரவாணத்தின் கீழே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நான் உட்கார்ந்திருந்ததோ சமையலறை மேஜையில், வீட்டுக்காரருக்கு எதிர் நாற்காலியில். அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

எல்லா இடமும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் கையிருப்பு குறைந்ததால், டீ பூக்கே ஊருக்குப் போய்க் கூலிக்குக் கிவிப்பழம் பறித்தோம். ஒருநாள் நான், ஒருநாள் கணவர். மற்றவர் பிள்ளைகளோடு வேனில். கிவி நம் புடலங்காய்போலப் பந்தலில் தொங்கும் கொடி. சீனாவில் இருந்து 1904-ல் விதையாக வந்து, இந்த நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழம். பறிக்கும்போது கல்போல இருந்தாலும் நகம் பட்டால் கெட்டுவிடும். அதனால் கையில் பருத்தி உறை, மார்பில் பெரிய பை. பழம் ஈரமாக இருந்தால் பறிக்கக் கூடாது. மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை.

அந்தப் பந்தலின் கீழே வனுவாட்டு தீவுகளில் இருந்து வந்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். பசிபிக் தீவுகளில் இருந்து பருவ வேலைக்கு ஆட்களைக் கொண்டுவரும் திட்டம் 2007 முதல் இங்கே இருக்கிறது. என் பக்கத்து வரிசையில் பறித்தவருக்கு ஊரில் மூன்று பிள்ளைகள். வருடத்தில் ஏழு மாதம் போனில்தான் பார்க்கிறார். அனுப்பும் பணத்தில் வீட்டுக்குச் சிமென்ட் தரை போட்டிருக்கிறாராம், படம் காட்டினார். வளைகுடாவில் இருந்து ஊருக்கு வரும் மாமாக்களின் பேச்சை அப்படியே கேட்டதுபோல இருந்தது. தேநீர் இடைவேளையில் நாங்கள் பந்தலின் அடியில் உட்கார்ந்தோம். முதலாளி தன் வீட்டில் சாப்பிட்டார். அங்கே மேஜைகள் வேறுதான். எங்கள் பிள்ளைகள் எங்களோடு இருந்தார்கள், பிடிக்கவில்லை என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகலாம். அவரால் முடியாது. வேனில் வாழ்வதைச் சுதந்திரம் என்று யாராவது புகழும்போது எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

செப்டம்பரில் டைஹாபே பக்கம் ஒரு சிறிய செம்மறிப் பண்ணை. குட்டி போடும் காலம். தாயை இழந்த குட்டிகளுக்குப் புட்டியில் பால் தர வேண்டும். அந்த வீட்டுப் பெண்மணி, என் மகனிடம் ஐந்து குட்டிகளை ஒப்படைத்தார். "காலை ஆறு மணிக்கு நீ வரவில்லை என்றால் அவை பட்டினி" என்றார். அவ்வளவுதான். ஆக்லாந்தில் பள்ளிக்கு எழுப்பினால் அழுகிறவன், உறைபனியில் தானே பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனான். இரவுச் சாப்பாட்டில் அவர் முதலில் அவனைத்தான் கேட்பார், எந்தக் குட்டி எவ்வளவு குடித்தது என்று. பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் சொல்வதைக் கேட்பார்கள். வளர்ந்தபின் அவற்றில் சில கறிக்குப் போகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனான்.

அங்கேதான் மகளிடம் அலுமினியத் தட்டுகளின் கதையைச் சொன்னேன். இருவருமாகப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அவங்க பேரெல்லாம் என்ன?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் அவளே போனில் கேட்டாள். "எதுக்குடி அதெல்லாம் இப்போ?" என்று அம்மா பேச்சை மாற்றிவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார். யோசித்துப் பார்த்ததில் நாலு பேரின் பெயர் ஞாபகம் வந்ததாம். மற்றவர்களுக்கு முகம் மட்டும் நினைவில் இருக்கிறது, பெயர் இல்லை. 1977 நவம்பரில் புயல் அடித்தபோது, தங்கள் குடிசைகள் விழுந்துகிடக்க, விடிய விடியத் தாத்தா வீட்டு நெல் மூட்டைகளை மேட்டுக்கு ஏற்றியவர்கள் அந்த நாலு பேரில் இருவர் என்றார். அன்றைக்கும் அவர்கள் கொல்லையில்தான் சாப்பிட்டார்கள் என்று அம்மாவே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

அக்டோபரில் வெலிங்டனில் இருந்து பிக்டனுக்கு வேனோடு கப்பல் ஏறி, மூன்றரை மணி நேரத்தில் தென் தீவுக்கு வந்தோம். இப்போது மோட்டுவேக்கா அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு நெல்சனில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது வாடகை வீட்டுக்குப் போய்விடுவோம். வேனை விற்றால் முன்பணத்துக்கு ஆகும். மகளுக்குச் சந்தோஷம்தான், அவளுக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். மகன் கோழி வளர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். அந்த நாலு பெயர்களையும் மகள் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மன்னார்குடிக்குப் போய் அவர்களின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று பாட்டியிடம் சொன்னாள். போய் என்ன பேசுவது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, "தெரு எனக்குத்தான் தெரியும், நானும் வரேன்" என்றார்.