குண்டு படாமல் செத்த 27,000 பேர்

ரஷ்ய–ஜப்பானியப் போர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சுஷிமா கடற்போர்தான். ஆனால் 1904–05 இல் ஆட்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது தரையில். அதுவும் ரஷ்யாவிலோ ஜப்பானிலோ இல்லை, சீனாவின் மஞ்சூரியாவில். வீடும் வயலும் அழிந்தது அந்த ஊர்ச் சனங்களுக்கு.

ஆர்தர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 203 மீற்றர் உயரக் குன்று ஒன்று. முள்ளுக்கம்பி, பதுங்குகுழி, இயந்திரத் துப்பாக்கி எல்லாம் வைத்து ரஷ்யர்கள் காத்தார்கள். நவம்பர் கடைசியில் தொடங்கிய தாக்குதல் டிசம்பர் 5 இல்தான் முடிந்தது. தளபதி நோகியின் இளைய மகனும் அங்கேதான் செத்தார். மூத்தவர் மே மாதமே நான்ஷான் சண்டையில் போய்விட்டார். வாப்பா அனுப்பிய படையில் மகனின் மையித்து.

இப்படிச் சண்டைகளில் செத்த ஜப்பானியர் சுமார் 47,000 பேர். அதே படையில் இன்னும் சுமார் 27,000 பேர் ஒரு குண்டும் படாமல் செத்தார்கள். பெரிபெரி நோய். நோய் வந்தவர்கள் இரண்டரை இலட்சம் அளவில்.

இந்தப் பெயர் சிங்களத்தில் இருந்து போனதாக அகராதிகள் சொல்கின்றன. ‘பெரி’ என்றால் ஏலாது. கால் வீங்கும், மரத்துப்போகும், எழும்ப ஏலாது, கடைசியில் இதயம் நின்றுவிடும்.

காரணம் சோறு. நன்றாகத் தீட்டின வெள்ளையரிசிச் சோறு. ஊரில் தினையும் பார்லியும் சாப்பிட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு, படையில் சேர்ந்தால் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பதே பெரிய ஆசை. நம்மூரிலும் விருந்தாளி வந்தால் சிவப்பரிசியை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்தானே, அந்த மாதிரித்தான்.

இது யாருக்கும் தெரியாத விஷயம் என்றால் மனசு ஆறும். தெரிந்திருந்தது. கடற்படை வைத்தியர் தகாகி, போருக்கு இருபது வருஷத்துக்கு முன்னமே காட்டிவிட்டார். 1883 இல் பயணம் முடித்து வந்த ஒரு பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 மௌத்து. அடுத்த வருஷம் வேறொரு கப்பலை அதே பாதையில், சாப்பாட்டை மட்டும் மாற்றி அனுப்பினார். ஒருவரும் சாகவில்லை. பிறகு கடற்படையில் சோற்றோடு பார்லி கலந்தார்கள், நோய் அநேகமாக ஒழிந்தது.

தரைப்படை வைத்தியர்கள் ஏன் கேட்கவில்லை? அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. இரண்டாம் படையின் தலைமை வைத்தியர் மோரி ஜெர்மனியில் படித்தவர், ஜப்பானின் பெரிய எழுத்தாளர் மோரி ஓகாயும் அவரேதான். பெரிபெரி கிருமியால் வருவது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. தகாகியோ சாப்பாட்டில் புரதம் குறைந்ததுதான் காரணம் என்றார். அந்த விளக்கம் பிழை. உண்மையில் குறைந்தது தவிட்டோடு போன விற்றமின் பி1, அது தவிட்டில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டதே 1910 இல்தான். விளக்கத்தில் பிழை பிடித்தவர்கள் மருந்தையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள். கப்பலில் ஆட்கள் சாகவில்லை என்பது அவர்களுக்குப் போதுமான ஆதாரமாகப் படவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். 1894 இல் தொடங்கிய சீனப் போரிலும் இதே நோயில் சுமார் 4,000 பேரைப் பறிகொடுத்த படை இது.

கடைசியில் தரைப்படையும் சோற்றில் பார்லி கலக்க உத்தரவு போட்டது. அது 1905 மார்ச். அதே மாதம் 10 ஆம் திகதி, இரு பக்கமும் சுமார் ஆறு இலட்சம் பேர் மோதிய முக்டன் சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு மஞ்சூரியாவில் பெரிய தரைச் சண்டை ஒன்றும் நடக்கவில்லை.