திருப்பாச்சூருக்கு வரும் பழைய கூண்டு

சென்னை-திருப்பதி சாலையில் திருவள்ளூரைத் தாண்டியதும் திருப்பாச்சூர். பாசு என்றால் மூங்கில். மூங்கில் காட்டில் தோன்றியவர் வாசீஸ்வரர் என்கிறது தலவரலாறு. இன்று அதே வழியில் கீரையும் காயும் ஏற்றிய மினி லாரிகள் போகின்றன. திறந்த தொட்டியில் வெயிலுக்குக் கீரை வாடிவிடும், அதனால்தான் கூண்டு. லாரி பாடி கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லில் பழையது கிடைக்கும். தூரம் சுமார் 350 கிலோமீட்டர். முன்பணம் கொடுக்குமுன் தொட்டியின் நீள அகலத்தை அளந்து ஒப்பிடுங்கள். துரு, ஒழுகல், போல்ட் துளைகளைப் பாருங்கள். தனி வண்டி பிடித்தால் வாடகையே விலையை விழுங்கிவிடும். காலியாகத் திரும்பும் லாரியில் பேசுங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வந்தால் அபராதம் 20,000 ரூபாய். கூண்டின் எடை அளவுக்குச் சரக்கைக் குறைத்தே ஏற்றவேண்டும். ஆர்.சி.யில் மாற்றம் பதிய வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டபிறகே வாங்குங்கள்.