வெறும் 6205 போதாது

“பேரிங் 6205, 10 எண்ணம், அவசரம்.” கொள்முதல் பிரிவுக்கு வரும் இன்டென்ட் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் இருக்கும். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பதுவரை அந்த எண்ணே சொல்லிவிடும். ஆனால் இருபுறமும் ரப்பர் சீலா, தகட்டு மூடியா? சி3 கிளியரன்ஸா? ஸ்டோர்ஸுக்கு ஒரு போன், அங்கிருந்து மெயின்டனன்ஸுக்கு ஒரு போன். போதாக்குறைக்கு, இருபுறமும் சீல் வைத்த பேரிங்கை எஸ்கேஎஃப் ‘2ஆர்எஸ்எச்’ என்கிறது, என்எஸ்கே ‘டிடியு’ என்கிறது.

கொள்முதல் மென்பொருளை சப்ளையரின் கேட்டலாக்கோடு இணைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த போன்கள் நிற்பதுதான் அதன் முதல் லாபம் என்பேன். விலையை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். பேசாத விலையை எந்த இணைப்பும் குறைத்துத் தராது.

இந்த இணைப்பைப் பஞ்ச்அவுட் என்பார்கள். அரிபா நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த சிஎக்ஸ்எம்எல் வடிவம்தான் இதில் பரவலாகப் புழங்குகிறது. எஸ்ஏபி வைத்திருப்பவர்கள் ஓசிஐ என்ற வடிவத்தின் பக்கம் போவார்கள். நம் மென்பொருளில் சப்ளையர் பெயரை அழுத்தினால், நம் அடையாளமும் திரும்பி வரவேண்டிய முகவரியும் அங்கே போகும். நமக்கென்று பேசிய விலையோடு அவர்கள் கடை திறக்கும். பொருளைத் தேர்ந்து ‘செக்-அவுட்’ கொடுத்தால் ஆர்டர் ஆகிவிடாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கூடை அப்படியே நம்மிடம் திரும்பி வந்து, கோரிக்கையாகி, ஒப்புதலுக்குப் போகும். அதன் பிறகுதான் பர்ச்சேஸ் ஆர்டர். “ஆர்டர் போட்டுட்டேன், சரக்கு எங்க சார்?” என்று ஷாப் ஃப்ளோரிலிருந்து முதல் வாரம் கேட்கத்தான் செய்வார்கள்.

கூடை திரும்பி வருவதோடு கணினிக்காரர்கள் கைகுலுக்கிக் கிளம்பிவிடுவார்கள். என் வேலை அங்கேதான் ஆரம்பம். திரும்பி வந்த ஒவ்வொரு வரியிலும் பார்ட் நம்பர், அலகு, விலை, வகைப்பாட்டு எண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வில்லங்கம் அலகில்தான். கையுறையை அவர்கள் டஜனில் விற்பார்கள். நம் ஸ்டோர்ஸ் ஜோடியில் எண்ணும். 5 என்று போன ஆர்டருக்கு 60 ஜோடி வந்து இறங்கும். சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என்னில் 60, பில்லில் 5. ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் ஒப்பிடும் மென்பொருள் பேமென்ட்டை நிறுத்திவிடும். சப்ளையர் அக்கவுன்ட்ஸ் வாசலில் நிற்பார். அதனால் அலகு மாற்றும் அட்டவணையை ஐடி ஆளோடு உட்கார்ந்து போடுவதில்லை, ஸ்டோர்ஸ்காரரோடு உட்கார்ந்து போடுவேன். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர் அவர்தானே.

வகைப்பாட்டுக்கு யுஎன்எஸ்பிஎஸ்சி என்ற 8 இலக்க எண். பால் பேரிங்குக்கு 31171504. செலவு எந்தக் கணக்கில் ஏறும், யார் ஒப்புதல் தருவார் என்பதையெல்லாம் பல நிறுவனங்களில் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஜிஎஸ்டிக்கான எச்எஸ்என் வேறு. பேரிங் அதில் 8482-இன் கீழ் வரும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஒப்பேற்ற முடியாது. எச்எஸ்என்னுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எல்லோருக்கும் பஞ்ச்அவுட் தேவையா? மென்பொருள் விற்பவர்களுக்குக் கசக்கும், ஆனால் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் பொருளும் அடிக்கடி மாறும் ஸ்டாக்கும் உள்ள பெரிய சப்ளையருக்குச் சரி. கோவை கணபதியில் நட்டும் போல்ட்டும் விற்கும் டீலரிடம் அப்படியொரு இணையக் கடையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவருடைய விலைப்பட்டியலை எக்செல்லில் வாங்கி, நம் மென்பொருளிலேயே கேட்டலாக்காக ஏற்றிவிடலாம். ‘விலை எந்தத் தேதிவரை செல்லும்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் மட்டும் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.