காலட்சேபம் நடக்கும் ஊர்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் புறப்படும் அன்பர்களுக்கு முதலில் வருவது பூந்தமல்லி. காஞ்சி வரதனுக்கு மலர் கொண்டு சென்று, ஆலவட்டம் வீசித் தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் இது. சற்றே மேற்கில் நசரத்பேட்டை. அங்குள்ள பச்சைவாரணப் பெருமாள் கோயில், ராமாநுஜரின் மருமகனும் சீடருமான முதலியாண்டானின் அவதாரத் தலம். செம்பரம்பாக்கத்தையும் இருங்காட்டுக்கோட்டையையும் தாண்டி, சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் ஸ்ரீபெரும்புதூர். இந்த ஒரே சாலையில் மூன்று ஆசாரியர்களின் பிறந்த ஊர்களைச் சேவித்துவிடலாம்.

ஆனால் இன்று இச்சாலையில் விரைவோர் பெரும்பாலும் சேவார்த்திகள் அல்லர். விடியற்காலையில் வரிசை வரிசையாகச் செல்பவை தொழிற்சாலைப் பேருந்துகள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தன் முதல் காரை விற்பனைக்கு அனுப்பியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012-ல் டைம்லர் கனரக வாகனத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த பூமியில் சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். அவர்களில் பலர் காலப்போக்கில் தாய் தந்தையரையும் உடன் அழைத்து வந்தனர்.

அங்ஙனம் வந்து சேர்ந்த முதியோரின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. மகனுக்கு இரவுப் பணி. அவன் காலையில் வீடு திரும்பி உறங்கும்போது வீடு அரவமின்றி இருக்க வேண்டும். சொந்த ஊரில் விடியற்காலையில் சஹஸ்ரநாமத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய தாய், இங்கே அதை உதட்டளவில் முணுமுணுக்கிறார். பூஜை மணியைக்கூட நாக்கைப் பிடித்துக்கொண்டே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. தந்தையோ பால்கனியில் அமர்ந்து, பெயர் தெரியாத மனிதர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்புக்குக் குறைவில்லை, உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. பேச ஆளில்லை என்பதே குறை.

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. நாட்டின் சராசரியான 8.6 விழுக்காட்டைவிட இது அதிகம். இத்தனை பேருக்கும் பொழுது எவ்வாறு கழியும் என்ற வினா ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

மேலை நாடுகளிலும் இவ்வினா எழுந்தது. 1960-களின் நடுவில் இங்கிலாந்தில், பணி ஓய்வு பெற்றோர் மாதந்தோறும் கூடி, ஒரு விருந்தினரை அழைத்து உரை கேட்கும் புரோபஸ் கழகங்கள் தோன்றின. 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியோர் கற்பதற்கென்றே 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' தொடங்கப்பட்டது. தேநீர், நல்ல நண்பர்கள், ஒரு மணி நேரச் சொற்பொழிவு, பிறகு கேள்வி பதில் என்பது இத்தகைய கூட்டங்களின் பொதுவான முறை. நம் நகரங்களில் ஓய்வூதியர் சங்கங்களும் மூத்த குடிமக்கள் மன்றங்களும் ஏறக்குறைய இம்முறையையே பின்பற்றுகின்றன.

ஒரு சொல், மூன்று பொருள்

இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு. அதுவே காலட்சேபம். காலத்தைக் கழித்தல் என்பது இதன் நேர்ப்பொருள். "காலட்சேபம் எப்படி நடக்கிறது?" என்று ஒருவரைக் கேட்டால், பிழைப்பு எவ்வாறு என்று பொருள். கோயில் மண்டபத்தில் காலட்சேபம் என்றால், பகவானின் கதையைப் பெரியவர் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பது. வைணவ மரபில் கிரந்த காலட்சேபம் என்றால், ஆசாரியரின் திருவடியில் அமர்ந்து ஸ்ரீபாஷ்யம், பகவத் விஷயம் போன்ற நூல்களை வரி வரியாகக் கேட்டு அறிவது. பொழுது போவதும், வயிறு நிறைவதும், நல்லது கேட்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைக் காணும்போது, நம் முன்னோர் கேட்டலையும் பிழைப்பின் ஒரு பகுதியாகவே கருதினர் என்று தோன்றுகிறது.

இந்த மரபுக்குப் புராணங்களே சான்று. ஏழே நாட்கள் மீதமிருந்த பரீட்சித்து மன்னன் அந்த ஏழு நாட்களையும் கேட்பதற்கே செலவிட்டான். பாகவதம் சொல்ல வந்த சுகர் பதினாறு வயது இளைஞராகத் தோற்றமளித்தார் என்கிறது புராணம். முதிர்ந்த முனிவர்கள் நிறைந்த சபை எழுந்து நின்று அவரை வரவேற்றது. சொல்பவர் இளையவர் என்று எவரும் எண்ணவில்லை. குருட்சேத்திரத்திலோ, அம்புப் படுக்கையில் கிடந்த பிதாமகர் பீஷ்மர் சொன்னார், தருமபுத்திரர் கேட்டார். அவ்வாறு கிடைத்ததே விஷ்ணு சஹஸ்ரநாமம். உடல் அசைய இயலாத நிலையிலும் உலகுக்குக் கொடுக்க ஒருவரிடம் ஏதேனும் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கேட்பதிலேயே வளர்ந்தவர்

பூதபுரி என்று பழம்பெயர் கொண்ட ஸ்ரீபெரும்புதூரில், 1017-ம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில், ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மைக்கும் திருக்குமாரராக அவதரித்தார் ராமாநுஜர். உலகம் அவரை உபதேசித்தவராக அறியும். ஆனால் அவர் கேட்ட காலமும் நெடியது. பெரிய நம்பி, திருக்கோஷ்டியூர் நம்பி, திருமலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி என்று ஐவரிடம் அவர் கேட்டு அறிந்தார். ஒரே பொருளைக் கேட்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். தம் தாய்மாமனான திருமலை நம்பியிடம் கீழ்த்திருப்பதியில் ஓராண்டு காலம் ராமாயணம் கேட்டார்.

அந்தத் திருமலை நம்பியின் வரலாறும் முதியோருக்கு உகந்தது. வயது முதிர்ந்த பின்னும் அவர் வேங்கடவனின் திருமஞ்சனத்துக்குப் பாபவிநாசத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்தார். அவருடைய தள்ளாமையைக் கண்டு இரங்கிய பெருமாள், வேடன் உருவில் வந்து, "தாதா!" என்று அழைத்து நீர் கேட்டதாகவும், அருகிலேயே அம்பெய்து ஆகாச கங்கையை வரவழைத்ததாகவும் மரபு கூறும். பெருமாள் அவருடைய தொண்டை நிறுத்திவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவை மட்டும் குறைத்தார்; கைங்கரியம் தொடர்ந்தது. பெற்றோரைப் பேணும் பிள்ளைகளும் இதை நினைவில் கொள்ளலாம். முதியவர் கையிலிருந்து வேலையை முற்றிலும் பறித்துவிடாமல், அவரால் இயன்ற அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பதும் ஓர் உபசாரமே.

காஞ்சியை அடுத்த கூரத்தில் அவதரித்த கூரத்தாழ்வான் கண்களை இழந்தவர். ஆயினும் கேட்டதை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் அவரைவிட்டு அகலவில்லை. பார்வை மங்கிய பின் படிக்க இயலவில்லையே என்று வருந்தும் பெரியோர்க்கு அவருடைய வாழ்வு ஆறுதல் தரும். அவருடைய திருக்குமாரர் பராசர பட்டரே விஷ்ணு சஹஸ்ரநாமத்துக்கு வைணவ மரபில் உரை அருளியவர்.

ஊர் கேட்ட திருமேனி

ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலில் மூலவர் ஆதிகேசவப் பெருமாள், தாயார் யதிராஜநாதவல்லி, தீர்த்தம் அனந்தசரஸ். இங்கே ராமாநுஜர் 'தான் உகந்த திருமேனி'யாக எழுந்தருளியிருக்கிறார். அவர் முதிர்ந்த வயதில் திருவரங்கத்திலேயே தங்கிவிட்டதால், பிறந்த ஊரார் பிரிவால் வருந்தினர். முதலியாண்டானின் திருக்குமாரர் கந்தாடையாண்டான் அவருடைய திருவுருவம் ஒன்றைச் சமைப்பித்தார். ராமாநுஜர் அதை ஆரத் தழுவித் தம் ஆற்றலை அதில் சேர்த்து அனுப்பினார் என்பது மரபு. தைப் பூசத்தன்று அது இங்கு எழுந்தருளியதாகக் கூறி, அந்நாளைக் குருபூசம் என்று கொண்டாடுகின்றனர். 120 ஆண்டுகள் வாழ்ந்த அம்மகான் 1137-ல் பரமபதம் எய்தினார்.

பிரிந்து வாழும் பிள்ளையை நினைத்துப் பெற்றோர் ஏங்குவது வழக்கம். இங்கே ஊரே ஏங்கியது. தொலைவில் இருந்த முதியவரும் அந்த ஏக்கத்தை அறிந்து, தம்மையே அனுப்பி வைத்தார். மகன் ஓரிடம், தாம் ஓரிடம் என்று வாழும் இன்றைய முதியோர் இச்சந்நிதியில் சற்று அதிக நேரம் நின்றால் வியப்பதற்கில்லை.

இக்கோயிலில் திவ்யப் பிரபந்த கோஷ்டியின் குரல் எழும்போது, குடியிருப்பில் முணுமுணுத்த உதடுகளுக்கு வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைக்கிறது. தெலுங்கு பேசும் அம்மையாரும், தமிழ் பேசும் பெரியவரும், வடக்கிலிருந்து வந்தவரும் மற்ற பேச்சில் தடுமாறலாம். சஹஸ்ரநாமத்தில் தடுமாற்றமில்லை. ஆயிரம் நாமங்களும் முடிவதற்குள் அவர்கள் அறிமுகமாகிவிடுகின்றனர்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. அதன் அருகே வல்லக்கோட்டை. அருணகிரிநாதர் கோடைநகர் என்று போற்றிய இத்தலத்தில் ஏறத்தாழ ஏழடி உயர முருகப்பெருமான் காட்சி தருகிறார். கிருத்திகை நாட்களில் தொழிற்சாலைச் சீருடையுடனேயே வரும் இளைஞர்களையும் இங்கே காணலாம். மற்றொரு திசையில் மதுரமங்கலம், ராமாநுஜரின் சிற்றன்னை மகனான எம்பாரின் அவதாரத் தலம். அப்பெயரைத் தாங்கிய எம்பார் விஜயராகவாச்சாரியார் 20-ம் நூற்றாண்டில் ஹரிகதைக் கலையில் பெரும்புகழ் பெற்றார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

முதியோர் கூடுமிடம்

வாரத்தில் ஒரு மாலை கூடுவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கோயில் அலுவலகத்தாரின் அனுமதியுடன் ஒரு மண்டபம், அல்லது குடியிருப்பின் பொது அறை போதும். முதலில் சஹஸ்ரநாமமோ திருப்புகழோ கூட்டாகச் சொல்லலாம். அடுத்து ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் ஓர் உரை. தரையில் அமர இயலாதவர்க்கு நாற்காலி, காது மந்தமானவர்க்கு முன்வரிசை, கழிவறை அருகில் இருத்தல், இருட்டுமுன் வீடு திரும்புதல் ஆகியவற்றைக் கவனித்தால் வருவோர் தொகை தானே பெருகும்.

ஒவ்வொரு வாரமும் வெளியூர்ப் பேச்சாளரைத் தேட வேண்டுவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருநாள் ராமாயணத்தில் ஒரு காண்டம் சொல்லலாம். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த பழைய விவசாயி, அவ்வூர் ஏரியும் மதகும் இயங்கிய முறையைச் சொல்லலாம். அவ்வறிவு அவரோடு மறைந்துவிடலாகாது. வங்கியில் பணியாற்றியவர் ஓய்வூதிய விவரங்களை விளக்கலாம். தனியார் ஆலைத் தொழிலாளர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1995-ல் வந்தது. அதன்படி முழு ஓய்வூதியத்துக்கு உரிய வயது 58. ஓய்வூதியர் ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் அளிக்கும் வசதி 2014-ல் ஏற்பட்டது. கைரேகை பதியாமல் தவிக்கும் முதியவருக்கு அருகிலிருந்து உதவுவதும் பாகவத கைங்கரியமே.

இங்கு மூதாட்டியரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆடவர்க்குப் பணி ஓய்வு உண்டு. அடுக்களைக்கு அது இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, மாலைச் சிற்றுண்டி தயாரித்த பின்னரே பாட்டியால் வெளியே வர இயலும். கூடும் நேரத்தை அவர்களைக் கேட்டு முடிவு செய்வது நலம். ஹரிகதை சொல்லுதல் ஆடவர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் மேடையேறிப் புகழ்பெற்றவர் சி. சரஸ்வதி பாய். ஆகவே பாட்டிமார் கேட்பவராக மட்டுமின்றிச் சொல்பவராகவும் அமரலாம்.

உரை கேட்பவர் எத்தனை பேர் என்பது பொருட்டன்று. 15-ம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் மணவாள மாமுனிகள் திருவாய்மொழியின் ஈட்டுப் பேருரையை ஓராண்டு காலம் விரித்துரைத்தபோது, நம்பெருமாளே தம் உற்சவங்களை நிறுத்திக் கேட்டருளினார் என்பர். பெருமாளுக்கே கேட்பதில் அத்தனை விருப்பம் என்றால், மண்டபத்தில் நான்கு பேர் கூடினாலும் ஐந்தாவதாக ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்பலாம்.

மாலையில் அனந்தசரஸின் படிகளில் வெயில் தாழ்கிறது. அடுத்த பணிமுறைக்கான பேருந்துகள் நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்குகின்றன. மகன் வேலைக்குப் புறப்பட்டிருப்பான். அல்லது உறக்கம் கலைந்து எழுந்திருப்பான். கோயிலில் மணி ஒலிக்கிறது. சித்திரைத் திருவாதிரையை நிறைவு நாளாகக் கொண்ட பத்து நாள் உற்சவத்தின்போது இவ்வூருக்கு வரும் அன்பர்கள், தங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ தனித்திருக்கும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்து வரலாம். ஆதிகேசவனைச் சேவித்து, எதிராசரின் திருமுன் நின்று, மண்டபத்தில் சிறிது நேரம் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கலாம். நெடுநாளாகச் சொல்ல ஆளின்றி வைத்திருந்த செய்தி ஒன்று அவரிடம் இருக்கக்கூடும்.