இணைப்பு என்னும் சொல்

ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளில் 'இணைப்பு' என்ற சொல் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று மூளையின் பகுதிகளுக்கு இடையிலானது. மற்றொன்று மனிதர்களுக்கு இடையிலானது. முதலாவது குறைந்தால் இரண்டாவதும் குறையும் என்று எளிதாக எண்ணிவிடுகிறோம். என் அக்கா மகனோடு 9 ஆண்டுகளாகப் பழகிவரும் எனக்கு அந்த எளிமையின் மேல் ஐயம் உண்டு.

1943ல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, இவ்வியல்பு பிறவியிலேயே வருவது என்று கருதினார். ஆனால் அந்தப் பெற்றோரில் உள்ளன்பு மிக்கவர்கள் மிகச் சிலரே என்றும் குறித்துவைத்தார். பின்வந்த சிலர் இந்த இரண்டாவது குறிப்பையே பற்றிக்கொண்டார்கள். 1967ல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அன்னையரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அறிவியலில் அவ்வாதம் எப்போதோ மடிந்துவிட்டது. கல்யாண வீடுகளில் இன்னும் மடியவில்லை. "நீ பிள்ளையோடு சரியாகப் பேசியிருக்கமாட்டாய்" என்று என் அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு.

எனவே, 2004ல் பிட்ஸ்பர்க்கில் மார்செல் ஜஸ்ட் குழுவினர் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஒரு வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குவது குறைவு என்று அவர்கள் கண்டார்கள். தாயின் மடியில் குற்றம் தேட வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே தொலைவு இணைப்புகள் குறைந்ததுபோலவும் அண்மை இணைப்புகள் மிகுந்ததுபோலவும் பொய்த்தோற்றம் எழும் என்று 2012ல் தெரியவந்தது. அசையாமல் படுத்திருக்க முடியாத பிள்ளையை, இணைப்பற்ற பிள்ளை என்று நாம் வாசித்திருக்கவும் கூடும். 2013ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் மிகையான இணைப்பைக் கண்டார்கள். அது மிகுந்தவர்களிடமே பழகுவதில் சிரமமும் மிகுந்திருந்தது.

ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012ல் வேறொரு திசையைக் காட்டினார். புரியாமை என்பது ஒருவருக்குள் இருக்கும் குறை அன்று, இருவருக்கு இடையில் நிகழ்வது என்றார் அவர். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு கதையைக் கைமாற்றிச் சொல்வதில் பிறருக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று எடின்பரோ ஆய்வாளர்களின் சோதனை ஒன்று 2020ல் காட்டியது.

என் மருமகன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் என் ஸ்கூட்டரின் ஒலி தெருமுனையில் கேட்டதும், நான் வழக்கமாக அமரும் நாற்காலியில் யார் இருந்தாலும் கையைப் பிடித்து எழுப்பிவிடுவான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மூளையின் வரைபடங்கள் மேலும் துல்லியமாகட்டும், அவை வேண்டும். அக்காவோ இப்போதைக்கு வேறொன்றைத்தான் கேட்கிறாள்: வகுப்பில் அவன் பக்கத்தில் விரும்பி உட்கார ஒரு பிள்ளை.