தீபம் என்று எழுதிய ஸ்விட்ச்

திருவண்ணாமலையில் இருபது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். லாட்ஜ், சத்திரம், கல்யாண மண்டபம், துணிக்கடை என எங்கே கூப்பிட்டாலும் முதல் பேச்சு ஒன்றுதான்: "கரண்ட் பில் குறையணும்." அதற்குப் பதில் சொல்வது சுலபம். பழைய 36 வாட் ட்யூப்லைட் காப்பர் சோக்கோடு சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு சத்திரத்தில் 40 ட்யூப் இருந்தன. தினம் 12 மணி நேரம் எரிந்தால் 24 யூனிட். மாற்றிய பிறகு பத்து யூனிட்கூட ஆகவில்லை.

விலையும் கைக்கு எட்டிவிட்டது. 2014ல் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கியபோதே ஒரு எல்.இ.டி. பல்பு 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து கோடிக்கணக்கில் வாங்க ஆரம்பித்த பிறகு, 2016ல் அந்தக் கொள்முதல் விலை 38 ரூபாய் அளவுக்கு இறங்கியது. எங்கள் தொழிலையே மாற்றிய இறக்கம் அது.

ஆனால் பல்பை மாற்றுவது வேலையில் கால் பங்குதான். மீதி எல்லாம் சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சத்திரத்தில் மாட்டி முடித்த அன்று ராத்திரி மணியக்காரர் போன் செய்தார். "தம்பி, ஸ்விட்சை அணைச்சாலும் மாடி ரூம் லைட்டு மினுக்குனு எரியுது. வந்திருக்கிறவங்க பயப்படுறாங்க." போய் டெஸ்டரை வைத்தேன். அணைத்த விளக்கின் ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தது. யாரோ எந்தக் காலத்திலோ ஸ்விட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். விளக்கு அணைந்த பிறகும் பேஸ் ஹோல்டர் வரை வந்து நிற்கிறது. குண்டு பல்பு அந்தக் கசிவுக்கு எரியாது, அதனால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. எல்.இ.டி.க்கு அந்தத் துளி மின்சாரமே போதும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் எத்தனை பேர் அந்த ஹோல்டரில் கை வைத்திருப்பார்கள் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. அடுத்த இரண்டு நாள் ஒரு விளக்குகூட மாட்டாமல், இருந்த ஸ்விட்ச் அத்தனையையும் திறந்து பேஸுக்கு மாற்றினேன்.

நியூட்ரல் இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. அதே கட்டடத்தில் ஒரு பௌர்ணமி ராத்திரி, அறைகள் நிறைந்திருந்த நேரம், மெயின் போர்டில் நியூட்ரல் ஜாயிண்ட் கருகி விட்டுப்போனது. மூன்று பேஸ் லைனில் பொது நியூட்ரல் அறுந்தால், லோடு குறைந்த பக்கம் 230 வோல்ட் இருந்த இடத்தில் 300க்கு மேல் ஏறும். பழைய காப்பர் சோக் அதைக் கொஞ்ச நேரமாவது தாங்கும். எல்.இ.டி.க்குள் இருக்கும் ட்ரைவர் சர்க்யூட் தாங்காது. பதினோரு விளக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. விளக்கு மாட்டப் போன நான் மெயின் போர்டைத் திறந்து பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இப்போது எந்த வேலைக்குப் போனாலும் முதலில் போர்டைத் திறந்து நியூட்ரல் ஜாயிண்டை இறுக்கிவிட்டுத்தான் ஏணியை எடுக்கிறேன். ட்யூப்லைட் பட்டியில் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்த பிறகு, 'பழைய ட்யூப் போடாதே' என்று மார்க்கரில் எழுதியும் வைக்கிறேன். ஒரே முனையில் பேஸும் நியூட்ரலும் வரும் பட்டியில் யாராவது பழைய ட்யூபைச் செருகினால் அதன் இழை கருகிவிடும்.

இதெல்லாம் கைவேலை. எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆன விஷயம் நிறம். நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் இன்றைய வெள்ளை வெளிச்சம் வருகிறது. பெட்டியில் 6500 கே, கூல் டே லைட் என்று போட்டிருந்தால் நீலம் தூக்கலாக இருக்கும். கடைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான், பளிச்சென்று தெரிகிறதாம். அந்தச் சத்திரத்திலும் முதலில் அதையே மாட்டினேன். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்த ஒரு பாட்டி, நடையில் பாயை விரித்துப் படுத்தவர், புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணு கூசுதுப்பா, தூக்கமே வரல" என்றார். போன் கேமராவைத் திறந்து விளக்கை நோக்கிப் பிடித்தேன். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடின. மலிவான ட்ரைவர். செகண்டுக்கு நூறு தடவை துடிக்கிற வெளிச்சம்.

மறுநாள் நடையிலிருந்து பாதி விளக்கைக் கழற்றினேன். மீதி இடத்தில் 3000 கே வார்ம் வைட், நல்ல ட்ரைவரோடு. படிக்கட்டில் மட்டும் ஐந்து வாட் விளக்கை முழங்கால் உயரத்தில், வெளிச்சம் படியில் விழும்படி மூடி போட்டு வைத்தேன். வெறுங்காலில் வருகிறவர்களுக்குப் படி தெரிந்தால் போதும், விளக்கு தெரியத் தேவையில்லை. மின்சாரம் மிச்சமாகிறது என்பதற்காக வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும் வழக்கம் இந்த ஊரில் பெருகிவருகிறது. அது எனக்கு வலிக்கிறது. ஆளில்லாத மொட்டை மாடிக்கு எதற்கு 100 வாட் போக்கஸ் லைட்? இருட்டையும் நாங்கள்தான் வயரிங் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

சத்திரத்துத் திண்ணை விளக்கு நான்கையும் தனி ஸ்விட்சில் போடச் சொன்னவர் மணியக்காரர்தான். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அந்தத் திண்ணையிலிருந்து மலையுச்சி நேராகத் தெரியும். 2,668 அடி உயரத்தில் செப்புக் கொப்பரையில் நெய்யும் காடாத் துணியும் பற்றுகிற கணத்தில், கீழே கண்ணைக் கூச வைக்கும் விளக்கு இருந்தால் அந்தப் பொட்டு வெளிச்சம் கண்ணில் சரியாக விழாது. போர்டில் அந்த ஸ்விட்சுக்கு மேல் 'தீபம்' என்று எளிதாகத் தெரியும்படி எழுதினேன். போன கார்த்திகையில் ஆறு மணிக்குச் சற்று முன்னால் அவரே வந்து அதை அணைத்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த முப்பது, நாற்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார்கள். உச்சியில் சுடர் எழுந்ததும் மணியக்காரரின் மனைவி வாசலில் வரிசையாக வைத்திருந்த அகல்களை ஏற்ற ஆரம்பித்தார். அன்று ராத்திரி அந்த ஸ்விட்சை யாரும் திரும்பப் போடவில்லை.